பண்டிகைக்கு எந்த இனிப்பு ஒயின்? சேலத்து வெயிலையும் ஏற்காட்டுக் குளிரையும் வைத்து ஒரு ஒப்பீடு

டிசம்பர் பிறந்துவிட்டால் சேலத்தில் தெரிந்தவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கிறிஸ்துமஸ் கேக்கோடு வைக்க இனிப்பான ஒயின் ஒன்று வேண்டும், எதை வாங்கலாம்? கேட்கிறவர்கள் அன்றாடம் குடிக்கிறவர்கள் இல்லை. வருடத்துக்கு ஒரே ஒரு பாட்டில் திறக்கிற வீடுகள். கிறிஸ்துமஸ் இரவு ஆளுக்கு ஒரு சின்னக் கிளாஸ், புத்தாண்டுக்கு மறுபடி கொஞ்சம், நடுவில் வெளியூரிலிருந்து மச்சானோ சித்தப்பாவோ வந்தால் அவருக்கு ஒன்று. அப்படிப் பார்த்தால் திறந்த பாட்டில் இரண்டு மூன்று வாரமாவது அந்த வீட்டில் இருக்கும்.

அதனால் சுவையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், இந்தப் பாட்டில் திறந்தபிறகு எத்தனை நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்று யோசியுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. கேள்விப்பட்ட பெயர்களில் பாதி இந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும். மீதி இருப்பதில் தேர்ந்தெடுப்பது சுலபம்.

ஒயினில் இனிப்பு எப்படி மிஞ்சுகிறது என்பது தெரிந்தால் இது ஏன் என்று புரியும். திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. அதை முழுக்கத் தின்ன விட்டால் இனிப்பில்லாத ஒயின் கிடைக்கும். இனிப்பு வேண்டுமென்றால் முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, ஈஸ்டால் தின்று முடிக்க முடியாத அளவுக்குச் சர்க்கரை ஏறிய பழத்தை எடுத்துக்கொள்வது: கொடியிலேயே நன்றாகப் பழுக்க விட்டுப் பறித்தது, வெயிலில் காயவைத்தது, பனியில் உறைந்தது. இன்னொன்று, நொதித்தல் பாதியில் இருக்கும்போதே திராட்சையில் காய்ச்சிய ஸ்பிரிட்டை ஊற்றி ஈஸ்டைக் கொன்றுவிடுவது. சர்க்கரை அப்படியே நின்றுபோகும், ஆல்கஹாலும் 18, 20 சதவீதத்துக்கு ஏறிவிடும். போர்ட், மதீரா எல்லாம் இந்த இரண்டாவது வகை. ஸ்பிரிட் சேர்த்த ஒயின் என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அந்த 20 சதவீத ஆல்கஹால்தான் நமக்கு முக்கியம். அந்தச் செறிவில் ஈஸ்ட் மறுபடி வேலை செய்யாது, ஒயினை வினிகராக்கும் பாக்டீரியாவும் வளராது. 10, 12 சதவீதம் உள்ள சாதாரண இனிப்பு ஒயினுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

இதோடு நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒயினை வைக்க 12 முதல் 15 டிகிரி நல்லது என்பார்கள். சேலத்தில் டிசம்பர் பகலிலேயே 30 டிகிரி அடிக்கும், கோடையில் 40-ஐத் தொடும். மேலே ஏற்காட்டில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், டிசம்பர் இரவு 15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். முப்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் ஒரே பாட்டிலுக்கு இரண்டு வேறு வேறு வாழ்க்கை. செவ்வாய்ப்பேட்டையில் மாடி வீட்டு அலமாரியில் நிற்கப்போகும் பாட்டிலும், ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீட்டில் ஒரே இரவில் தீரப்போகும் பாட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

போர்ட்: ரூபியா, டானியா?

போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளையும் திராட்சையில் செய்வது போர்ட். எந்த நிலத்தில் விளைந்தால் அந்தப் பெயர் என்று 1756-லேயே எல்லை வரைந்துவிட்டார்கள். சாறு பாதி நொதித்ததும் சுமார் நான்கு பங்குக்கு ஒரு பங்கு என்ற கணக்கில் 77 சதவீதத் திராட்சை ஸ்பிரிட்டைச் சேர்ப்பார்கள். முடிவில் லிட்டருக்கு ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரை, 20 சதவீத அளவில் ஆல்கஹால்.

கடையில் கண்ணில் படுவது பெரும்பாலும் ரூபி. பெரிய தொட்டிகளில் இரண்டு மூன்று வருடம் காற்றுப் படாமல் வைத்து பாட்டிலில் அடைப்பது. நிறம் அடர் சிவப்பு, வாயில் கறுப்புத் திராட்சையும் செர்ரியும். விலையிலும் இதுதான் கீழே இருக்கும். சாக்லேட் கேக் செய்கிற வீட்டுக்கு ரூபி நல்ல துணை. திறந்தபிறகு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும், ஆனால் முதல் நாள் இருந்த பழ வாசனை ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் இறங்கும். ரூபியின் அழகே அந்த வாசனைதான் என்பதால் இந்த இழப்பு நாக்கில் தெரியும்.

டானி வேறு மாதிரி. சின்ன மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் வைக்கிறார்கள். மரத்தின் வழியாகக் காற்று மெல்ல மெல்லப் புகும். சிவப்பு மங்கிப் பழுப்பேறும், பழ வாசனை போய் வறுத்த வாதுமை, அக்ரூட், பேரீச்சை, கருகுவதற்கு ஒரு நொடி முன் இறக்கிய சர்க்கரைப் பாகு என்று வாசனை மாறும். லேபிளில் 10, 20, 30, 40 என்று வருடம் போட்டு வருவது இதுதான். வெறுமனே டானி என்று மட்டும் போட்டு வயது போடாமல் வருவதும் உண்டு. அது பல நேரம் மூன்று வருடத்து ஒயின்தான், நிறம் மட்டும் வெளிறியிருக்கும். அதற்கும் ரூபிக்கும் சுவையில் பெரிய தூரம் இருக்காது. டானி வாங்குவதென்றால் 10 வருடம் என்று எழுதியதை வாங்குங்கள். இருபது வருடத்தது இன்னும் நேர்த்தி, சந்தேகமே இல்லை. ஆனால் கேக்கோடும் கல்கலோடும் வைக்கிறபோது அந்த நேர்த்தி பாதி மறைந்துவிடும். கூடுதல் பணத்தைச் செலவழிக்க அது இடமில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். டானி ஏற்கெனவே பத்து வருடம் காற்றோடு பழகிய ஒயின். பாட்டிலைத் திறந்ததும் காற்று பட்டால் அதற்குப் புதிதாகக் கெட ஒன்றும் அதிகம் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம், அதற்கு மேலும் தாங்கும். கிறிஸ்துமஸுக்குத் திறந்து ஜனவரிக் கடைசியில் ஊற்றினாலும் கிட்டத்தட்ட அதே ஒயின். இன்னொரு வசதி, பெரும்பாலான டானி பாட்டில்கள் தலையில் பிளாஸ்டிக் மூடி ஒட்டிய குட்டைக் கார்க்கோடு வரும். கையாலேயே திறக்கலாம், திரும்ப மூடலாம். கார்க் திருகி தேடி அக்கம்பக்கம் போக வேண்டாம்.

விண்டேஜ் போர்ட் என்று ஒன்றைப் பரிசாக யாராவது கொண்டுவந்தால், அதன் மரியாதை வேறு. நல்ல வருடத்துத் திராட்சையை மட்டும் எடுத்து, இரண்டு மூன்று வருடத்தில் பாட்டிலில் அடைத்து, பல பத்தாண்டுகள் பாட்டிலுக்குள்ளேயே முதிர விடுவது. அடியில் வண்டல் இறங்கியிருக்கும், தெளிய வைத்து வடித்து ஊற்ற வேண்டும், திறந்த ஓரிரு நாளில் தீர்த்துவிட வேண்டும். சேலத்து அலமாரியில் இருபது வருடம் வைத்து முதிர வைக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். லேபிளில் எல்.பி.வி. என்று போட்டிருப்பது இதன் எளிய உறவு. அறுவடை முடிந்து நான்கு முதல் ஆறு வருடத்துக்குள் பாட்டிலில் அடைப்பது. ரூபியைவிடக் கனமான சுவை வேண்டும் என்பவர்களுக்கு அது சரியாக இருக்கும்.

வெயிலுக்குப் பயப்படாத மதீரா

எனக்கு மிகவும் பிடித்த ஒயின் இதுதான். நம் ஊரில் இதைப் பற்றி யாரும் பேசாதது வருத்தமாகவே இருக்கிறது.

மதீரா அட்லாண்டிக் கடலில் இருக்கும் போர்ச்சுகீசியத் தீவு. ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த கப்பல்கள் அங்கே நின்று தண்ணீரும் ஒயினும் ஏற்றிக்கொண்டு கிளம்பும். பீப்பாய்கள் கப்பலின் அடித்தளத்தில் மாதக்கணக்கில் வெப்ப மண்டலக் கடலில் வெந்துகொண்டே வரும். வேறு எந்த ஒயினும் கெட்டுப்போயிருக்கும். மதீரா நன்றாகிவிட்டது. அதைக் கவனித்த வியாபாரிகள் இந்தியாவரை போய்த் திரும்பிய பீப்பாய்களைத் தனியாக அதிக விலைக்கு விற்றார்கள். அந்தக் காலத்து மதராஸில் கும்பினிக்காரர்கள் மேசையில் மதீரா இல்லாத விருந்து இல்லை. நம் வெயில் அந்த ஒயினைச் செய்ததில் ஒரு பங்கு வகித்திருக்கிறது.

இன்று கப்பல் பயணத்துக்குப் பதிலாகத் தீவிலேயே சூடேற்றுகிறார்கள். விலை குறைந்தவற்றைத் தொட்டியில் 45 முதல் 50 டிகிரியில் மூன்று மாதமாவது வைப்பார்கள். நல்லவற்றைக் கூரைக்கு அடியில், வெயில் உறைக்கும் மேல்தளத்தில் பீப்பாயோடு வருடக்கணக்கில் விடுவார்கள். அத்தனை சூட்டையும் பார்த்த ஒயினுக்குச் சேலத்துக் கோடை புதிதல்ல. ஃபிரிட்ஜ் இல்லாமல் அலமாரியின் இருட்டு மூலையில் நிற்க விட்டாலும், திறந்தபிறகு பல மாதம் அப்படியே இருக்கும். வேறு எந்த ஒயினைப் பற்றியும் இதை நான் சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது லேபிளில் திராட்சையின் பெயரைப் பாருங்கள், அதுவே இனிப்பின் அளவு. செர்சியால் என்றால் இனிப்பு மிகக் குறைவு, வெர்டெல்யோ கொஞ்சம் கூடுதல், புவால் நல்ல இனிப்பு, மாம்சி எல்லாவற்றையும்விட இனிப்பு. பண்டிகைக்குக் கடைசி இரண்டில் ஒன்று. ஆனால் போர்ட் மாதிரி வெறும் இனிப்பாக நாக்கில் தங்காது. எலுமிச்சை பிழிந்தது போன்ற ஒரு புளிப்பு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். நெய் சொட்டும் மைசூர்பாகுக்குப் பிறகு ஒரு வாய் மதீரா குடித்துப் பாருங்கள், அடுத்த துண்டுக்கு நாக்கு தயாராகிவிடும்.

இதில் ஒரே சிக்கல், கிடைப்பது கடினம். பெங்களூரின் பெரிய கடைகளிலும் விமான நிலையக் கடைகளிலும் தேட வேண்டும். போர்ட் கிடைக்கிற இடங்களில் பத்தில் ஒன்றில்கூட மதீரா இருக்காது.

ஷெரியில் இனிப்பானது எது?

ஸ்பெயினின் ஹெரஸ் பகுதியில் வருவது ஷெரி. அதில் பெரும்பகுதி இனிப்பே இல்லாதது. ஃபினோ என்று எழுதியதைக் கேக்குக்கு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். வறுத்த முந்திரியோடு ஜில்லென்று குடிக்க அது அருமை, கேக்கோடு வைத்தால் புளித்துப்போனதுபோல் இருக்கும்.

நமக்கு வேண்டியது பெட்ரோ ஹிமெனெஸ் என்ற திராட்சையில் செய்தது. லேபிளில் பி.எக்ஸ். என்றும் இருக்கும். மொட்டை மாடியில் வடாம் காயப்போடுவது மாதிரி, பறித்த திராட்சையைப் பாய்களில் பரப்பி வெயிலில் சுருங்க வைத்துப் பிழிகிறார்கள். வருவது கிட்டத்தட்டப் பாகு. கறுப்பாக, கெட்டியாக, உலர்திராட்சையும் அத்திப்பழமும் காபியும் கலந்த வாசனையோடு இருக்கும். லிட்டருக்கு 400 கிராம் வரைகூடச் சர்க்கரை இருக்கும். அதனால் இதைக் குடிக்கிற ஒயின் என்று நினைப்பதைவிட, வெண்ணிலா ஐஸ்கிரீம்மேல் இரண்டு ஸ்பூன் ஊற்றிச் சாப்பிடுகிற பொருளாக நினைப்பது நல்லது. அப்படிப் பார்த்தால் ஒரு பாட்டில் ஒரு சீசன் முழுக்க வரும், திறந்தபிறகும் ஒன்றிரண்டு மாதம் தாராளமாகத் தாங்கும். வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் வாங்கவே வேண்டாம்.

ஒரே இரவில் தீரும் ஒயின்கள்

ஸ்பிரிட் சேர்க்காதவற்றில் உலகப் புகழ் பெற்ற பெயர்கள் இருக்கின்றன. பிரான்சின் சோட்டர்ன், ஹங்கேரியின் டோக்காய், கனடாவிலும் ஜெர்மனியிலும் கொடியிலேயே உறைந்த திராட்சையில் செய்யும் ஐஸ் ஒயின். முதல் இரண்டும் பனிமூட்டக் காலையில் பழத்தின்மேல் படரும் ஒரு பூஞ்சையால் இனிப்பு ஏறுபவை. எல்லாமே அற்புதமானவை, எல்லாமே விலை அதிகம். இறக்குமதி ஒயினுக்கு நம் நாட்டில் அடிப்படைச் சுங்க வரியே பல ஆண்டுகளாக 150 சதவீதமாக இருந்து வந்தது. அதற்குமேல் மாநில வரி வேறு. யாராவது கொண்டுவந்து கொடுத்தால் மகிழ்ச்சியாகக் குடியுங்கள், தேடிப் போக வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டியது இரண்டே. ஒன்று நாசிக்கில் செய்யும் லேட் ஹார்வெஸ்ட் ஷெனின் பிளாங்க். சூலா நிறுவனத்தது பரவலாகத் தெரிந்தது. தாமதமாகப் பறித்த வெள்ளைத் திராட்சை, தேன், மாம்பழம், கொஞ்சம் புளிப்பு. நம் நாட்டிலேயே செய்வதால் சுங்க வரி இல்லை. பெரும்பாலும் 375 மில்லி சின்னப் பாட்டிலில் வரும். ஆறு பேருக்கு ஒரு சின்னக் கிளாஸ் வீதம் அன்றே தீர்ந்துவிடும், அதுதான் இதன் சிறப்பு. ஏற்காட்டு ஆரஞ்சுச் சுளையோடு இதைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரியவில்லை. மீந்தால் ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள்.

இன்னொன்று இத்தாலியின் மொஸ்காட்டோ டி ஆஸ்தி. ஆல்கஹால் ஐந்தரை சதவீதம் அளவில்தான், லேசான நுரை, பன்னீர்த் திராட்சையின் வாசனை. அந்த ஒற்றுமை தற்செயல் இல்லை. கம்பம் பள்ளத்தாக்குப் பன்னீர்த் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம், மொஸ்காட்டோவும் மஸ்கட் குடும்பம். அதனால் ஒயினே குடித்திராத நம் ஊர் ஆட்களுக்கும் முதல் வாயிலேயே இது பழகிய வாசனையாக இருக்கும். காரத்துக்கு இதை விட்டால் வேறு இல்லை. ஆல்கஹால் காரத்தை இன்னும் எரியவைக்கும். பிரியாணியோடு போர்ட் குடித்தால் தொண்டை எரியும், மொஸ்காட்டோ அதைத் தணிக்கும். தட்டுவடை செட்டின் காரச் சட்னி, பீட்ரூட் துருவல் எல்லாவற்றோடும் சேர்ந்து போகும். நுரை போனால் ஜீவன் போய்விடும் என்பதால் திறந்தால் அன்றோ மறுநாளோ முடிக்க வேண்டும்.

போர்ட் ஒயின் என்று பெயர் போட்டு கோவாவில் விற்கும் மலிவான இனிப்பு ஒயினைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். போர்ச்சுகல் போர்ட்டுக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவு குறைவு. சுற்றுலா போன இடத்தில் குடித்துவிட்டு வரலாம். வெளிமாநில மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது சட்டச் சிக்கல், அதற்காக எந்தப் பாட்டிலும் மதிப்புள்ளதல்ல.

வீட்டு ஒயினைப் பற்றி

கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே ஜாடியில் போடுகிற பழக்கம் இங்கே பல குடும்பங்களில் இருந்திருக்கிறது. பன்னீர்த் திராட்சை, சர்க்கரை, கோதுமை, கிராம்பு, பட்டை, ஈஸ்ட். மூன்று வாரம் கழித்து வடித்தெடுப்பார்கள். பாசத்தோடு செய்வது, அதைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. ஆனாலும் இரண்டு காரணத்துக்காக நான் வேண்டாம் என்கிறேன்.

முதலாவது சட்டம். மதுவிலக்கு இந்தியாவில் முதலில் வேரூன்றிய மண்களில் ஒன்று சேலம். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, மதராஸ் மாகாணத்தின் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் அமல்படுத்தியது இந்த மாவட்டத்தில்தான். அந்த ஆண்டுச் சட்டம் எத்தனையோ திருத்தங்களோடு இன்றும் இருக்கிறது. அனுமதியில்லாமல் மது தயாரிப்பது அதன்படி குற்றம். வீட்டுக்குள் செய்தாலும் நொதித்தது நொதித்ததுதான்.

இரண்டாவது, நாம் முதலில் பேசிய அதே விஷயம். வீட்டு ஒயினில் சர்க்கரை மிச்சம் இருக்கும், ஆல்கஹால் குறைவாக இருக்கும். சேலத்துச் சூட்டில் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்க ஆரம்பிக்கும், வாயு சேர்ந்து இறுக மூடிய பாட்டில் வெடித்ததும் உண்டு. காற்றுப் பட்டால் வினிகராகும்.

அந்த வாசனை வேண்டும் என்றால் நொதிக்க விடாமலேயே செய்யலாம். பன்னீர்த் திராட்சையைக் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து மசித்து வடிகட்டி, அந்தச் சாற்றில் கிராம்பு, பட்டை, ஏற்காட்டு மிளகு நாலு தட்டிப் போட்டு ஒரு கொதி விட்டு ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாலு நாள் இருக்கும். குழந்தைகள், கர்ப்பிணிகள், மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள், குடிக்காதவர்கள் எல்லோருக்கும் அதே மாதிரிக் கிளாஸில் அதே நிறத்தில் ஒன்று கையில் இருக்கும். பண்டிகை மேசையில் யாரும் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எதோடு எது

பலகாரத்தோடு ஒயின் வைக்க ஒரே விதி போதும்: ஒயின் பலகாரத்தைவிடக் கொஞ்சமாவது இனிப்பாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஒயினும் புளிப்பாகத் தெரியும். நம் பலகாரங்கள் ஐரோப்பிய இனிப்புகளைவிடச் சர்க்கரை கூடியவை என்பதால், அங்கே எழுதிய பொருத்தப் பட்டியல் இங்கே அப்படியே செல்லாது. குலாப் ஜாமூனுக்கு ஈடுகொடுக்கிற ஒயின் பி.எக்ஸ். ஒன்றுதான். ஜாமூனுக்கு ஒயினே வேண்டாம் என்பது என் கருத்து.

பிளம் கேக்குக்கு டானி, மதீரா இரண்டுமே அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். கேக்கில் உள்ள உலர்திராட்சை, முந்திரி, கருக்கிய சர்க்கரை எல்லாம் அந்த ஒயின்களிலேயே இருக்கிற வாசனை. கல்கல், அச்சு முறுக்கு இரண்டும் இனிப்பு மிதமாக, எண்ணெயில் பொரித்தவை. அவற்றுக்கு டானி. வெல்லப் பாகில் செய்த அதிரசம் தீபாவளிப் பலகாரம் என்றாலும் டானியோடு அது சேர்கிற அழகுக்காகவே டிசம்பரில் ஒருமுறை சுடலாம். எல்லாம் முடிந்து ஏற்காட்டுக் காபி குடிக்கிற நேரத்திலும் டானி கூட வரும், இரண்டிலும் வறுபட்ட வாசனை. மலையில் அறுவடை நடக்கிற மாதங்களும் இவைதான்.

வாங்குவதும் ஊற்றுவதும்

டாஸ்மாக் கடைகளில் சாதாரணக் கிளைகளில் இவற்றைத் தேடிப் பயனில்லை. எலைட் கடையில் கேட்க வேண்டும், சரக்கு கடைக்குக் கடை மாறும். வாங்குகிறவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று கடை உண்டு. திருவள்ளுவர் தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் மூடியிருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் அதுவே நல்ல வழி. ஒருவர் 2 லிட்டர் வரை சுங்க வரியில்லாமல் கொண்டுவரலாம், அதாவது 750 மில்லி பாட்டில் இரண்டு. ஒன்று டானி, ஒன்று மதீரா என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

எந்தக் கடையானாலும் பாட்டிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். கார்க் மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தாலோ, கழுத்தில் ஒழுகிய தடம் இருந்தாலோ, வெயிலில் வெந்த பாட்டில் அது. வெள்ளை இனிப்பு ஒயின் பழுப்பாகியிருந்தால் வைத்துவிடுங்கள். டானிக்கும் மதீராவுக்கும் பழுப்பு நிறம் இயல்பு. கோடை முழுக்கக் கடை அலமாரியில் நின்ற பாட்டில்தான் நமக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், அங்கேயும் ஸ்பிரிட் சேர்த்த ஒயின்தான் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆக, சேலத்தில் ஒரு வீடு, நாலைந்து பேர், ஒரு பாட்டில், மூன்று வாரம் என்றால் பத்து வருடத்து டானி. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. மதீரா கையில் கிடைத்தால் டானியை விட்டுவிட்டு அதை எடுப்பேன். குறிப்பாக அடுத்த தீபாவளிவரை பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் வைக்கிற வீடாக இருந்தால். கைச்செலவைப் பார்க்க வேண்டும் என்றால் ரூபி, ஆனால் புத்தாண்டோடு தீர்த்துவிடுங்கள். ஏற்காட்டில் பத்துப் பேர் கூடுகிறீர்கள், மறுநாள் கிளம்பிவிடுவீர்கள் என்றால் கணக்கே வேறு. சாப்பாட்டுக்கு மொஸ்காட்டோ இரண்டு பாட்டில், பழத்துக்கும் கேக்குக்கும் லேட் ஹார்வெஸ்ட் சின்னப் பாட்டில் இரண்டு. மலைக் குளிரில் ஐஸ்கூட வேண்டாம், மாலையில் ஜன்னலோரம் வைத்துவிட்டால் போதும். டானியைக் கொஞ்சம் ஜில்லென்று, 12 முதல் 14 டிகிரியில் குடிப்பது நல்லது. சேலத்தில் அதற்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைக்க வேண்டும்.

ஊற்றும் அளவில் கவனமாக இருங்கள். ஸ்பிரிட் சேர்த்த ஒயினுக்கு 60 மில்லி ஒரு கிளாஸ். போர்ட் என்றால் அதில் 12 மில்லி ஆல்கஹால், சுமார் 6 கிராம் சர்க்கரை. இனிப்பாக இருப்பதால் வேகமாக உள்ளே போகும், வேலை காட்டுவது பிறகுதான் தெரியும். மொஸ்காட்டோ 120 மில்லி குடித்தால் ஆல்கஹால் 7 மில்லிகூட இல்லை, ஆனால் சர்க்கரை 14 கிராமுக்கு மேல். எதைக் குறைக்க வேண்டியவர் என்பதைப் பொறுத்து அவரவர் முடிவு செய்யலாம். ஏற்காட்டில் குடித்துவிட்டு அன்றே கீழே இறங்குகிற திட்டத்தைக் கைவிடுங்கள். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அந்த அளவுக்குக் கீழேயும் ஆபத்துதான். இரவு மேலேயே தங்குங்கள், இல்லாவிட்டால் குடிக்காத ஒருவர் ஓட்டட்டும்.

பாட்டில் அடியில் கால் பங்கு மீந்துவிட்டால் கொட்ட வேண்டாம். ரூபியோ டானியோ எதுவானாலும், உலர்திராட்சை, டூட்டி ஃப்ரூட்டி, நறுக்கிய பேரீச்சை இவற்றைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மூழ்கும்வரை ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் அடுத்து வரும் பிறந்தநாளுக்கு ரம்முக்குப் பதிலாக அதில் கேக் செய்யலாம், பழத்தின் சுவை ரம்மைவிட மென்மையாக இருக்கும். கேக்கை வேகவைத்தாலும் ஆல்கஹால் முழுக்கப் போகாது. அதனால் சாப்பிடக் கூடாதவர்களிடம் துண்டை நீட்டும்போதே சொல்லிவிடுங்கள்.